ஒரு நாளுக்கு ஒரு நிலவறை போதும்: ஷாம்பெய்ன் பகுதிக்குப் போகிறவர்களுக்கு

நீங்கள் கேட்டது இது: அக்டோபர் கடைசியில் மனைவி, அம்மாவோடு சென்னையிலிருந்து பாரிஸ் வருகிறீர்கள். ஏழு நாளில் ஒரு நாளை, ஷாம்பெய்ன் என்கிற நுரைக்கும் வைனைச் செய்யும் ஷாம்பெய்ன் பகுதிக்கு ஒதுக்கி, காலையில் வாடகைக் காரில் கிளம்பி, பெயர்பெற்ற ஐந்து நிறுவனங்களின் நிலவறைகளைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிட முடியுமா? அம்மா மது தொடமாட்டார், சுத்த சைவம், முழங்கால் வலியும் உண்டு. உங்கள் இருவருக்கும் வைனைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒரே நாளில் ஐந்து வேண்டாம். ஏழு நாளில் இரண்டு இரவையாவது அங்கே கொடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு நிலவறை, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். அதிலும் மூன்றாவது நாள் பெரிய நிறுவனமாக இல்லாமல், சொந்தமாகத் திராட்சை பயிரிட்டுச் சொந்தமாக ஷாம்பெய்ன் செய்கிற ஒரு விவசாயியின் வீடாக இருக்கட்டும். கார் எடுக்காதீர்கள். இதைத்தான் சொல்ல வந்தேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பாரிஸில் குடியேறிய பிறகு, ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்பேன். முதல் தடவை நானும் உங்களைப் போலத்தான் கணக்குப் போட்டேன். மூன்று இடம் வைத்துக்கொண்டோம். முதல் இடத்தில் வாய் பிளந்து பார்த்தோம். இரண்டாவது இடத்தில் வழிகாட்டிப் பெண் சொன்னதில் பாதி முன்பே கேட்டதாக இருந்தது. மூன்றாவது இடத்துக்கு முன்பதிவே செய்யவில்லை. வாசலிலேயே மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே விட்டிருந்தாலும் எதுவும் மனதில் ஏறியிருக்காது. எல்லா நிறுவனமும் செய்முறையைச் சொல்லும்போது ஒரே கதையைத்தான் சொல்லும், ஏனென்றால் சட்டப்படி செய்முறை ஒன்றுதான். இடத்துக்கு இடம் மாறுவது மண்ணும் மனிதர்களும். அவற்றைப் பார்க்கத்தான் நேரம் வேண்டும்.

அந்த ஒரே கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அங்கே போய்ப் பார்க்கும்போது சுலபமாகப் புரியும். திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரம் கூடாது. குலை குலையாக அப்படியே பிழிவார்கள். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. சாறு முதல் தடவை புளித்துச் சாதாரண வெள்ளை வைனாகும். அடுத்த வசந்தத்தில் பல ஊர் வைன்களையும் பழைய ஆண்டுகளின் கையிருப்பையும் கலந்து, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, பாட்டிலில் அடைத்து, சோடா பாட்டில் மூடி மாதிரி ஒரு மூடி போட்டு நிலவறையில் படுக்க வைப்பார்கள். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை புளிக்கும். கிளம்புகிற வாயு வெளியே போக வழியில்லாமல் வைனில் கரைந்துவிடும். நாம் பார்க்கிற குமிழி அதுதான். உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 6 பார், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆண்டு குறிப்பிடாத சாதாரண ஷாம்பெய்ன்கூட விற்பனைக்கு வருமுன் குறைந்தது 15 மாதம் பாட்டிலில் இருந்தாக வேண்டும். ஆண்டு குறிப்பிட்டதென்றால் 3 வருடம்.

வேலை முடிந்த ஈஸ்ட் கசடாகப் படியும். அதை வெளியே எடுப்பதுதான் கைவேலை. துளை போட்ட மரச்சட்டத்தில் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகி, தினமும் சிறிது சிறிதாகத் திருப்பிச் சாய்ப்பார்கள். கசடு மெல்ல மெல்லக் கழுத்துக்கு இறங்கும். கை தேர்ந்த ஆள் ஒரு நாளில் 40,000 பாட்டில் வரை திருப்புவார். இப்போது பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகள்தான் செய்கின்றன. ஆனால் பழைய சட்டங்களைப் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றைப் பார்த்தால் பாட்டிலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இருக்கும். எவ்வளவு திருப்பினோம் என்று தெரிவதற்கான அடையாளம். கடைசியில் கழுத்தை மட்டும் கடுங்குளிரில் உறைய வைத்து, மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் அழுத்தமே உறைந்த கசடை வெளியே தள்ளிவிடும். வெளியே போன அளவுக்கு ஈடாக, சர்க்கரை கலந்த வைனை ஊற்றி நிரப்பித் தக்கை அடிப்பார்கள். கதை அவ்வளவுதான்.

இனி எங்கே தங்குவது. இரண்டு ஊர் இருக்கிறது. பெரிய நகரம் ரான்ஸ் (எழுத்தைப் பார்த்து ரெய்ம்ஸ் என்று சொன்னால் டிக்கெட் கவுண்டரில் விழிப்பார்கள்). சிறிய ஊர் எபெர்னே. வைன் மட்டுமே நோக்கம் என்றால் எபெர்னே போதும். நீங்கள் அம்மாவோடு வருவதால் ரான்ஸில் இரண்டு இரவும் ஒரே ஹோட்டலில் தங்குங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். டிராம் ஓடுகிறது, பார்க்க வேறு விஷயமும் இருக்கிறது, பாரிஸிலிருந்து கிழக்கு ரயில் நிலையமான கார் த லெஸ்த்தில் டிஜிவி என்கிற அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரம்தான். டிக்கெட்டை முன்கூட்டி எடுத்தால் விலை நன்றாகக் குறையும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில டிஜிவிக்கள் நகரத்துக்குள் போகாமல் ஊருக்கு வெளியே இருக்கிற ஷாம்பெய்ன்-ஆர்தென் நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து டிராமில் நகரத்துக்கு வரலாம், ஆனாலும் நேரே ரான்ஸ் மைய நிலையத்துக்குப் போகிற வண்டியாகப் பார்த்து எடுப்பது அம்மாவுக்கு நல்லது.

கார் ஏன் வேண்டாம் என்றால், பிரான்ஸில் வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை. இரண்டு மூன்று கிளாஸிலேயே அது வந்துவிடும். ருசி பார்த்துத் துப்புவதற்கு எல்லா இடத்திலும் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கே அநாகரிகம் இல்லை, தொழில் தெரிந்தவர்கள் எல்லாம் துப்புவார்கள். ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவை வருகிற நீங்கள், ஸ்டியரிங்குக்காக ஒவ்வொரு வாயையும் துப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ரான்ஸுக்கும் எபெர்னேவுக்கும் நடுவில் டிஇஆர் என்கிற உள்ளூர் ரயில் அரை மணி நேரத்தில் போகிறது. அது திராட்சை ஊர்கள் வழியாகவே போகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத நல்ல விஷயம். ரில்லி-லா-மொந்தாஞ், ஆயி இரண்டிலும் நிற்கும், நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தே போய்விடலாம். ரயில் போகாத இடத்துக்கு டாக்ஸி வையுங்கள். திரும்பி வருவதற்கும் அப்போதே பேசிவிடுங்கள், கிராமத்தில் கை காட்டி டாக்ஸி நிறுத்த முடியாது.

முதல் நாள் காலையில் ரான்ஸ் கதீட்ரல். வைன் பயணத்தில் கோயில் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். 1211-இல் கட்டத் தொடங்கிய இந்தக் கோயிலில்தான் பிரெஞ்சு அரசர்கள் முடிசூடினார்கள். 1429 ஜூலை 17-ஆம் தேதி ஏழாம் சார்ல்ஸ் முடிசூடியபோது ஜோன் ஆஃப் ஆர்க் பக்கத்தில் நின்றார். கடைசியாக 1825-இல் பத்தாம் சார்ல்ஸ். முடிசூட்டு விருந்துகளில் இந்த வட்டாரத்து வைன் ஓடியதால்தான் இதற்கு அரசர்களின் வைன் என்ற பெயரே வந்தது. முன்வாசலின் இடது பக்கம் சிரிக்கிற தேவதை ஒன்று இருக்கிறது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து கோயில் எரிந்தபோது அதன் தலை உடைந்து விழுந்தது, பிறகு சேர்த்து ஒட்டினார்கள். உள்ளே ஓவியர் ஷகால் வரைந்த நீலக் கண்ணாடிச் சன்னல்களை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் தெற்குப் பக்கச் சிறகுக்கும் போய் 1954-இல் ஜாக் சிமோன் செய்த சன்னலைப் பாருங்கள். கொடி கட்டுவது, பறிப்பது, பிழிவது என்று ஷாம்பெய்ன் தொழிலை முழுக்க வண்ணக் கண்ணாடியில் காட்டியிருக்கிறார். தோட்டத்தில் கூலிக்குப் பறித்தவர்கள் கதீட்ரலின் சன்னலில் நிற்கிறார்கள். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

மத்தியானத்துக்கு மேல் சேன்-நிக்கேஸ் குன்று. கதீட்ரலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். இந்தப் பயணத்தில் நீங்கள் பார்க்கப் போவதில் மிகப் பெரிய விஷயம் இதற்கு அடியில்தான் இருக்கிறது.

இந்தப் பகுதி முழுக்கக் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு கடல். கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உருவான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைதான் அடிநிலம். விரலால் தேய்த்தால் சாக்பீஸ் மாதிரி ஒட்டும். ரான்ஸ் நகரத்தைக் கட்ட ரோமானியர் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தப் பாறையை வெட்டி எடுத்தார்கள். மேலே மழையும் உறைபனியும் கல்லைக் கெடுக்கும் என்பதால், தரையில் சின்னத் துளை போட்டு, கீழே போகப் போக அகலமாக வெட்டினார்கள். கூஜாவின் உள்பக்கம் மாதிரி, மேலே குறுகிக் கீழே விரிந்த பள்ளங்கள். ஆழம் 30 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். பிரெஞ்சில் இவற்றுக்குக் க்ரேயேர் என்று பெயர். நூற்றாண்டுகள் சும்மா கிடந்த இந்தப் பள்ளங்கள் ஷாம்பெய்ன் வியாபாரிகளின் கண்ணில் பட்டன. கோடையோ குளிர்காலமோ, உள்ளே 10 முதல் 12 டிகிரிதான். இருட்டு, ஈரம், அசையாத காற்று. பாட்டிலுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

ருய்னார், தெத்தாங்ஜே, பொமெரி, வெவ் கிளிக்கோ எல்லாம் இந்தக் குன்றைச் சுற்றித்தான் இருக்கின்றன. 1729-இல் தொடங்கிய ருய்னார்தான் ஷாம்பெய்ன் நிறுவனங்களிலேயே பழையது, கட்டணமும் மேல்தட்டு. என்னைக் கேட்டால் பொமெரி. 116 படிக்கட்டு நேராகக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்க முகத்தில் குளிர் படுவதை நீங்களே உணர்வீர்கள். கீழே 18 கிலோமீட்டர் சுரங்கப் பாதை, 120 க்ரேயேர். அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். வெள்ளைச் சுவர் நாலு பக்கமும் சரிந்து மேலே போய், கைக்குட்டை அளவு வெளிச்சத்தில் முடியும். சுவரில் உளி வெட்டிய கோடுகள் வரிசை வரிசையாக அப்படியே இருக்கின்றன. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஈரமாகக் குளுமையாக இருக்கும், எடுத்தால் ரேகையெல்லாம் வெள்ளையாகியிருக்கும். அந்தச் சுண்ணாம்பு ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 400 லிட்டர் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. மேலே கொடிகள் வறட்சியில் வாடாமல் இருப்பதும் கீழே பாட்டில் ஒரே குளிரில் இருப்பதும் இந்த ஒரே கல்லால்தான். இதை ஒரு தடவை கையால் தொட்டுவிட்டால், அப்புறம் வைன் சாஸ்திரம் எதுவும் படிக்காமலே பாதி புரிந்துவிடும்.

இன்னொன்றும் அங்கே நிற்கும்போது நினைவில் இருக்கட்டும். முதல் உலகப் போரில் நாலு வருடம் இந்த நகரத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டே இருந்தது. மக்கள் இந்த நிலவறைகளுக்குள் குடியிருந்தார்கள், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம்கூடக் கீழே நடந்தது. மேலே பீரங்கிச் சத்தத்துக்கு நடுவில் அறுவடையும் நிற்கவில்லை.

அம்மா 116 படி இறங்க வேண்டாம், அதைவிட ஏற வேண்டாம். நீங்கள் கீழே போகிற நேரத்தில் அவர் பக்கத்திலிருக்கும் சேன்-ரெமி பசிலிக்காவில் உட்கார்ந்திருக்கலாம். கதீட்ரலைவிடப் பழையது, கூட்டமில்லாதது. அவருக்கான நிலவறை நாளைக்கு.

இரண்டாம் நாள் எபெர்னே. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் அவென்யூ த ஷாம்பெய்ன். மொயெட், பெரியே-ஜுவே, பொல் ரொஜே என்று மாளிகை மாளிகையாக நிற்கும். மொயெட் நிறுவனத்துக்கு மட்டும் அடியில் 28 கிலோமீட்டர் நிலவறை. 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததில் இந்தத் தெருவும், சேன்-நிக்கேஸ் குன்றும், ஓவிலே, ஆயி, மரேய்-சூர்-ஆயி ஊர்களின் பழைய தோட்டங்களும் அடக்கம். தெருவை நடந்து பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம். அம்மாவுக்கு வழியில் டாக்ஸி வைத்துவிடுங்கள், மேடு ஏறும் தெரு.

அந்தத் தெருவின் கடைசியில் மெர்சியே நிறுவனம். இங்கே 30 மீட்டர் ஆழத்துக்கு லிஃப்டில் இறக்கி, சின்ன மின்சார ரயிலில் உட்கார வைத்தே சுற்றிக் காட்டுகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை. முன்பதிவு செய்யும்போதே அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். வாசலில் இருக்கிற பெரிய மரப்பீப்பாயைப் பாருங்கள். இரண்டு லட்சம் பாட்டில் வைன் பிடிக்கும். 1889 பாரிஸ் உலகப் பொருட்காட்சிக்கு 24 காளைகளும் 18 குதிரைகளும் இதை எபெர்னேயிலிருந்து இழுத்துக்கொண்டு போயின. அந்தப் பொருட்காட்சியில் மக்கள் முதலில் பார்க்க ஓடியது ஈஃபில் கோபுரத்தை, அடுத்தது இந்தப் பீப்பாயை. மது அருந்தாதவர்களுக்குத் திராட்சைச் சாறு தருகிற இடங்கள் உண்டு, கேளுங்கள், தயங்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு டாக்ஸியில் ஓவிலே. ஏழு கிலோமீட்டர்கூட இருக்காது. இங்கே இருந்த மடத்தில்தான் தோம் பெரிஞோன் என்ற துறவி 1668 முதல் 1715-இல் இறக்கும் வரை நிலவறைப் பொறுப்பாளராக இருந்தார். கோயிலுக்குள் கறுப்புக் கல் பலகையின் கீழ் அவருடைய கல்லறை. ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று பலர் உங்களிடம் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அவர் காலத்தில் குமிழி ஒரு குறை, பாட்டில்கள் வெடித்துச் சிதறும். அதைத் தவிர்க்கத்தான் பாடுபட்டார். வைனில் சர்க்கரை சேர்த்து நுரை வரச் செய்வதைப் பற்றி இங்கிலாந்தில் கிறிஸ்டஃபர் மெரெட் என்ற அறிஞர் 1662-இலேயே எழுதிவிட்டார், அதாவது தோம் பெரிஞோன் மடத்துப் பொறுப்பை ஏற்பதற்கு 6 வருடம் முன்பு. ஆனால் பல தோட்டத்துப் பழங்களைச் சரியாகக் கலப்பது, கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளைச் சாறு எடுப்பது, இவற்றில் அந்தத் துறவி செய்த வேலையின் மேல்தான் இன்றைய ஷாம்பெய்ன் நிற்கிறது. அந்தப் பெருமையே போதும், பொய்ப் பெருமை அவருக்குத் தேவையில்லை.

ஓவிலேயில் வீட்டுக்கு வீடு வாசலுக்கு மேல் இரும்பில் செய்த சின்னப் பலகை தொங்கும், அந்த வீட்டுக்காரரின் தொழிலைச் சொல்லும் படம். அம்மாவோடு மெதுவாக நடந்து பாருங்கள். ஊர் விளிம்புக்கு வந்தால் சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி, கீழே மார்ன் ஆறு. அக்டோபர் கடைசியில் இலைகள் மஞ்சளும் செம்பழுப்புமாக இருக்கும். நீங்கள் தற்செயலாக நல்ல சமயத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அறுவடை நாட்களில் வந்திருந்தால் விவசாயிகள் யாருக்கும் உங்களோடு பேச நேரமிருக்காது. நவம்பர் 1 மட்டும் பிரான்ஸில் விடுமுறை, பல இடம் மூடியிருக்கும். அந்தத் தேதி உங்கள் திட்டத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை, ரில்லியோ ஆயியோ, ரயில் நிற்கிற ஏதாவது ஒரு ஊரில் ஒரு விவசாயி வீடு. இதைக் கட்டாயம் செய்யுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பகுதியின் திராட்சைத் தோட்டங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு பெரிய நிறுவனங்களிடம் இல்லை, விவசாயிகளிடம்தான் இருக்கிறது. பெரிய பெயர்கள் பெரும்பாலும் அவர்களிடம் பழம் வாங்கித்தான் செய்கின்றன. 1911-இல் இதே ஆயி ஊரில் விவசாயிகள் கொதித்தெழுந்து வியாபாரிகளின் நிலவறைகளுக்குத் தீ வைத்தார்கள். வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெய்ன் என்று விற்கிறார்கள், எங்கள் பழத்துக்கு விலை இல்லை என்பதுதான் கோபம். ஷாம்பெய்ன் என்ற பெயரை எந்த நிலத்து வைனுக்குப் போடலாம் என்ற எல்லைச் சட்டங்களுக்குப் பின்னால் அந்த நெருப்பு இருக்கிறது. மாளிகைத் தெருவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் கதையின் மறுபாதி தெரியாமலே போய்விடும்.

ஒரு தடவை அக்டோபர் தொடக்கத்தில் என் அக்காவையும் அத்தானையும் அப்படி ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முற்றத்தில் பிழியும் இயந்திரத்தைக் கழுவிக் காய வைத்திருந்தார்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் அக்கா, "தோசை மாவு பொங்கினால் வருமே, அந்த வாசனை" என்றாள். அதேதான், ஈஸ்ட் வேலை செய்கிற வாசனை. அந்த வீட்டுக்கார அம்மாள் எங்களைத் தொட்டியின் சுவரில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே மெல்லிய சரசரப்பு, அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்னால் கேட்குமே அப்படி. அப்புறம் படுக்க வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். பக்கவாட்டில் விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் கசடு படிந்திருந்தது. பாட்டிலை லேசாகச் சாய்த்ததும் அது புகை மாதிரி எழுந்து கலைந்தது. ஒன்றரை மணி நேரம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசினோம். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, அத்தானுக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. அத்தான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் மண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டில் லேபிளில் பொடி எழுத்தில் ஒரு எண்ணும் அதற்கு முன்னால் இரண்டு எழுத்தும் இருக்கும். ஆர்.எம். என்றால் சொந்தப் பழத்தில் சொந்தமாகச் செய்கிறவர். என்.எம். என்றால் பழம் வாங்கிச் செய்கிற நிறுவனம். சி.எம். என்றால் கூட்டுறவுச் சங்கம். ரான்ஸ், எபெர்னே சுற்றுலா அலுவலகங்களில், ஆங்கிலம் பேசி வரவேற்கிற ஆர்.எம். விவசாயி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேண்டும் என்று மின்னஞ்சல் போட்டால் பெயர்கள் தருவார்கள். இரண்டு மூன்று வாரம் முன்பே எழுதிக் கேட்டு நேரம் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை தவிருங்கள். சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள், அவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு உங்களுக்காக வந்திருப்பார். கிளம்பும்போது ஒன்றிரண்டு பாட்டிலாவது வாங்குவது மரியாதை. இருபது முப்பது யூரோவில் மிக நல்ல ஷாம்பெய்ன் கிடைக்கும்.

அங்கே என்ன கேட்பது என்று தயங்க வேண்டாம். எந்தத் திராட்சை என்று கேளுங்கள். முக்கியமானவை மூன்று: கறுப்பில் பினோ நுவாரும் மெனியேவும், வெள்ளையில் ஷார்தொனே. பினோ நுவார் உடம்பைத் தரும், மெனியே பழச்சுவையைத் தரும், ஷார்தொனே எலுமிச்சை மாதிரி ஒரு கூர்மையைத் தரும். அப்புறம் கடைசியில் எவ்வளவு சர்க்கரை சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள், எக்ஸ்ட்ரா ப்ரூட் என்றால் 6 கிராமுக்குள், தெமி-செக் என்றால் 32 கிராமுக்கு மேல். முதல் தடவை குடிக்கிற நம் ஆட்களுக்கு எக்ஸ்ட்ரா ப்ரூட் பெரும்பாலும் புளிப்பாகத் தெரியும். அது உங்கள் நாக்கின் குறை அல்ல. தெமி-செக் பிடித்தால் அதையே வாங்குங்கள், விலை அதிகமானதைப் பார்த்துத் தலையாட்ட வேண்டாம்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம். அங்கே சைவம் என்று சொன்னால் மீனைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "சான் வியாந்த், சான் புவாஸோன்" என்று சொல்லுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரைதான், அதற்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும். ஷவூர்ஸ் போன்ற உள்ளூர்ச் சீஸ்கள் பிரமாதமானவை, ஆனால் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரான்ஸின் இளஞ்சிவப்பு பிஸ்கட்டில் முட்டை உண்டு. உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் ரயில் ஏறப்போகிற கார் த லெஸ்த்திலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் லா ஷப்பெல், பாரிஸின் தமிழ்க் கடைத் தெரு. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போய் அம்மாவுக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது.

ஊருக்குக் கொண்டுபோவதற்கு: இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. செக்-இன் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் சுற்றி வையுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சென்னை வீட்டில் அலமாரி மேல் வைத்து வருடக்கணக்கில் பத்திரப்படுத்த வேண்டாம். அந்த வெயிலில் ஒரு கோடைக்குள் கெட்டுவிடும். ஊர் போய்ச் சேர்ந்த மாதத்திலேயே ஒரு நல்ல நாள் பார்த்துத் திறந்துவிடுங்கள். திறக்கும்போது கம்பியைத் தளர்த்தி, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும். முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள்.

ஐந்து நிறுவனங்களின் பட்டியலை ஆசையாகப் போட்டிருப்பீர்கள் என்று தெரியும். அதில் மெர்சியேயும் சேன்-நிக்கேஸ் குன்றில் ஏதாவது ஒன்றும் இருந்தால் அந்த இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே இணையத்தில் ஆங்கில வழிகாட்டி நேரம் பார்த்து அந்த இரண்டுக்கும் முன்பதிவு செய்யுங்கள், விவசாயி வீட்டுக்கான மின்னஞ்சலையும் அனுப்பிவிடுங்கள், ரயில் டிக்கெட்டை அதற்கேற்ற மாதிரி எடுங்கள். மூவருக்கும் ஸ்வெட்டர் அவசியம். நிலவறையில் ஒரு மணி நேரம் 10 டிகிரியில் நிற்கிறபோது, அம்மாவுக்கு ஒரு சால்வையும் காலுறையும் கூடுதலாக இருக்கட்டும்.